கடற்குதிரைக்குக் கொழுகொம்பு



கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். வீட்டுக்குப் பின்னால் அவரையோ பாகலோ போட்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொம்பு நடாமல் விட்டால் கொடி மண்ணிலே புரண்டு அழுகிவிடும். கடலுக்குள்ளும் இப்படிக் கொழுகொம்பு தேடும் உயிர் ஒன்று இருக்கிறது. அதுதான் கடற்குதிரை.

பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். கடற்குதிரை ஒரு மீன். செவுளால் மூச்சு விடுகிறது. ஆனால், மற்ற மீன்களுக்கு இருப்பது போல் இதற்கு வால்துடுப்பு கிடையாது. முதுகில் உள்ள சிறு துடுப்பை விசிறி போல் வேகமாக அடித்து, நிமிர்ந்த நிலையில் மெல்ல மெல்ல நகர்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து நெடுநேரம் நீந்த அதற்கு வலு இல்லை. ஆகவே, குரங்கின் வால் போலச் சுருளும் தன் வாலால் ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கிறது. கடலில் அது பற்றிக்கொள்பவை கடற்புல், பவளக்கிளை, கடற்பாசி ஆகியவை. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும்போது அந்தப் பிடிமானத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

கடற்குதிரைத் தொட்டிக்கு ஏற்ற கடற்பாசிகளை இனங்காண்பது எப்படி, அவற்றைப் பேணுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. கடல்நீர்த் தொட்டி வைப்பது எல்லாருக்கும் கட்டுபடியாகும் காரியம் அல்ல என்பதை அறிவோம். என்றாலும், தோட்டப்புறப் பள்ளிகளில் அறிவியல் மன்றங்கள் இருக்கின்றன. கடையில் கடற்குதிரையைப் பார்த்துவிட்டு, “வாங்கித் தாருங்கள்” என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அறியாமல் வாங்கினால் பணமும் போகும், ஓர் உயிரும் போகும். நாங்கள் அப்படி இழந்தவர்கள். அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

முதலில், கடற்பாசி என்றால் என்ன? வீட்டில் பெருநாளைக்குக் காய்ச்சி, நிறம் கலந்து, தட்டில் ஊற்றி வெட்டுகிறோமே அகார்-அகார், அது கடற்பாசியிலிருந்து எடுத்ததுதான். பார்வைக்குச் செடி போல் இருந்தாலும் கடற்பாசிக்கு உண்மையான வேர் இல்லை, தண்டு இல்லை, இலை இல்லை. பூப்பதும் இல்லை, காய்ப்பதும் இல்லை. வேர் போல் தெரிவது கல்லைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு மட்டுமே. உணவை உடல் முழுவதாலும் நீரிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. கடற்புல்லோ வேறு இனம். அது உண்மையான வேர் விட்டு, கடலுக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் தாவரம். ஜொகூரில் சுங்கை பூலாய் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள கடற்புல் வெளிகளில் கடற்குதிரைகள் வாழ்கின்றன. கடற்புல் தொட்டியில் எளிதாக நிலைப்பதில்லை. ஆகவே, தொடங்குபவர்களுக்குப் பாசிதான் ஏற்றது.

தொட்டியில் பாசி வெறும் அலங்காரம் அன்று. அது செய்யும் வேலை மூன்று. ஒன்று, கடற்குதிரைக்குப் பிடிகொம்பாகிறது. இரண்டு, நீரைத் தூய்மைப்படுத்துகிறது. மூன்று, ஆபத்து வருமுன் எச்சரிக்கிறது.

இரண்டாவது வேலையைச் சற்று விளக்குவோம். கடற்குதிரைக்கு வயிறு இல்லை, பல்லும் இல்லை. குழல் போன்ற வாயால் சிறு இறாலை உறிஞ்சி விழுங்குகிறது. விழுங்கியது விரைவாகவே வெளியே வந்துவிடும். அதனால் நாளுக்கு இரண்டு மூன்று வேளை தீனி போட வேண்டும். தீனி மிகுந்தால் கழிவும் மிகும். அந்தக் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. நீரில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் என்பது வேறொன்றும் இல்லை, நாம் செம்பனைக்குப் போடும் உரத்தில் உள்ள தழைச்சத்துத்தான். மீனுக்கு அது கழிவு, பாசிக்கு அது உரம். பாசி அதை உண்டு வளர்கிறது. வளர்ந்த பாசியை வெட்டி வெளியே எறியும்போது அந்தக் கழிவும் தொட்டியை விட்டு வெளியேறுகிறது. வெட்டி எடுக்காவிட்டால் கழிவு வெளியேறவில்லை, பாசிக்குள் சேர்ந்து கிடக்கிறது என்பதே பொருள். இந்த ஒரு செய்தியை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இனங்காணும் முறைக்கு வருவோம். கடற்பாசிகளைப் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று பெரும் பிரிவாகப் பிரிக்கிறார்கள். மூன்றிலும் பச்சையம் உண்டு. பழுப்பிலும் சிவப்பிலும் வேறு நிறமிகள் அதை மறைத்து நிற்கின்றன. பழுப்புப் பாசி ஒன்றைச் சுடுநீரில் போட்டால், மறைப்பு விலகிப் பச்சை நிறம் தெரியும். ஆனால், நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. சிவப்புப் பாசி, வெளிச்சம் மிகுந்த இடத்தில் பழுப்பாகவோ மங்கிய பச்சையாகவோ தோன்றும். ஆகவே நிறத்தைப் பாருங்கள், கிளைக்கும் விதத்தைப் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் இனம் விளங்கும்.

பச்சைப் பாசிகளில் முதலில் கீட்டோமார்ஃபா. இதை ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டீர்கள். சிக்கிப்போன தங்கூசி நூலைப் பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்தது போல் இருக்கும். தொட்டால் சற்று முரடாக இருக்கும். கிளை கிடையாது. எதிலும் ஒட்டாமல் பந்தாகத் திரண்டு மிதக்கும். கல்லில் படர்ந்து தொல்லை தராது, வேண்டும்போது கையால் பிய்த்து எடுத்துவிடலாம். தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பாசி இல்லை என்பது எங்கள் அனுபவம்.

அடுத்தது உல்வா. மெல்லிய கீரை இலை போன்ற தகடு. பிடித்துப் பார்த்தால் வழுவழுவென்று, மறுபுறத்து விரல் தெரியும் அளவுக்கு மெலிதாக இருக்கும். நீரைத் தூய்மைப்படுத்துவதில் வல்லது. ஆனால், கடற்குதிரை பற்றினால் கிழிந்துவிடும்.

மூன்றாவது ஹாலிமேடா. நம் பாட்டிமார் அணிந்த காசுமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் காசுகளைக் கோத்தது போல் அடுக்கடுக்காக இருக்கும். தொட்டால் கெட்டியாக இருக்கும், காரணம் உள்ளே சுண்ணாம்பு. நீரில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் இது தேறாது. மெல்ல வளரும், அழகானது, கடற்குதிரைக்கும் பற்றிக்கொள்ள உகந்தது.

நான்காவது கோலர்ப்பா. தரையில் ஓடும் கொடி போல ஒரு தண்டு படரும். அதன் கீழே வேர் போன்ற பிடிப்புகள், மேலே இலை போன்ற கிளைகள். இனத்துக்கு இனம் அந்தக் கிளையின் வடிவம் மாறும். ஒன்றில் இறகு போல் இருக்கும், ஒன்றில் வாள் போல் இருக்கும், இன்னொன்றில் திராட்சைக் கொத்துப் போல் இருக்கும். சபா மாநிலத்தில் லாத்தோக் என்று சொல்லிப் பச்சையாகவே உண்கிறார்களே, அது திராட்சை வகையைச் சேர்ந்தது. கோலர்ப்பாவில் ஒரு வியப்பு உண்டு. ஒரு முழம் படர்ந்து கிடந்தாலும் அது முழுவதும் ஒரே ஓர் உயிரணு! உள்ளே எண்ணற்ற உட்கருக்கள் இருந்தாலும், இடையில் சுவர் எழுப்பிப் பிரிக்கப்படவில்லை. இந்த வியப்பிலேதான் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

சிவப்புப் பாசிகளில் முதலிடம் கிராசிலேரியாவுக்கு. சேமியாவைக் கிளை கிளையாகப் பிரித்து விட்டது போல உருண்டையான தண்டுகள். தொட்டால் குருத்தெலும்பு போல் நெகிழ்ந்து கொடுக்கும், எளிதில் ஒடியாது. கடற்குதிரையின் வாலுக்கு ஏற்ற பிடிகொம்பு இதுவே. அகார்-அகார் எடுப்பதும் இந்த இனத்திலிருந்துதான். தமிழ்நாட்டில் இராமநாதபுரக் கடற்கரை மக்கள் இதில் ஒரு வகையைக் கஞ்சிப்பாசி என்பார்கள். நம் நாட்டில் சபாவின் செம்போர்ணாக் கடலில் கயிறு கட்டிப் பயிரிடுகிறார்களே, அது கப்பாஃபைக்கஸ் என்னும் வேறொரு சிவப்புப் பாசி. தடித்துச் சதைப்பற்றுடன் இருக்கும். அதிலிருந்து கராஜினன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்கிறார்கள்.

பழுப்புப் பாசிகளை நீங்கள் கடற்கரையிலேயே பார்த்திருப்பீர்கள். போர்ட்டிக்சனுக்குப் போனால் கரையில் பழுப்பு நிறத்தில் ஒதுங்கிக் கிடப்பது பெரும்பாலும் சர்காசம். கிளைகளில் மிளகு அளவில் காற்றுக் குமிழ்கள் இருக்கும். பிள்ளைகள் அவற்றை நசுக்கி விளையாடுவார்கள். விசிறி போல் விரிந்து, வெண்ணிறக் கோடுகள் வளைவாக ஓடினால் அது படைனா. கண்ணுக்கு அழகு என்று இவற்றைத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். அலையும் வெயிலும் பழகிய சர்காசம் சிறு தொட்டியில் நெடுநாள் நிலைக்காது. அழுகி நீரைக் கெடுத்துவிடும். தியோமான், ரெடாங் போன்ற கடல் பூங்காத் தீவுகளில் எதையும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதீர்கள். கரையில் பார்த்துப் பழகுங்கள், படம் வரைந்து வாருங்கள். அதற்குக் காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

வேண்டாத விருந்தாளிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை மணி போல, சவ்வரிசியிலிருந்து கோலி வரை பருமன் உள்ள உருண்டைகள் கல்லில் தென்பட்டால் அவை வலோனியா. சிறிதாக இருக்கும்போதே உடையாமல் முழுதாகப் பெயர்த்து எடுத்துவிடுங்கள். மணலின் மேல் கருஞ்சிவப்பாக, வழவழப்பான போர்வை போலப் படர்வது பாசியே அன்று, அது நீலப்பச்சை நுண்ணுயிர். தீனி மிகுந்துவிட்டது, நீர் தேங்கி நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இனிப் பேணும் முறை. கடையில் வாங்கிய பாசியை அப்படியே தொட்டியில் போடக்கூடாது. ஒரு பேசினில் உப்புநீர் எடுத்து, அதில் பாசியை நன்றாக அலசுங்கள். சிறு நண்டு, புழு, கொட்டும் இயல்புள்ள கடற்சாமந்திக் குஞ்சுகள், ஹைட்ராய்டு என்னும் நூல் போன்ற உயிர்கள் முதலியவை அதில் ஒளிந்து வரும். கடற்குதிரைக்கு ஓடி ஒதுங்கத் தெரியாது. பற்றிய இடத்திலேயே நிற்கும், கொட்டுப்பட்டுப் புண்ணாகும், குட்டிகளாக இருந்தால் மாண்டும் போகும். இரண்டு மூன்று வாரம் பாசியைத் தனிக் கலத்தில் வைத்துப் பார்த்து, பிறகு தொட்டிக்கு மாற்றுவது நல்லது.

நீருக்குச் சமையல் உப்பு உதவாது. மீன் கடையில் விற்கும் கடலுப்புக் கலவையையே ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கணக்கில், குளோரின் நீக்கிய நீரில் கரைக்க வேண்டும். உப்புமானியில் 1.023 முதல் 1.025 வரை காட்டினால் சரி. வெயில் நாளில் நீர் வற்றும்போது ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அன்று. ஆகவே, வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். வெப்பம் ஏற ஏறத் தீய நுண்ணுயிர்கள் பெருகும், கடற்குதிரைக்கு நோய் வரும். 26 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. தகரக் கூரையின் கீழ், சன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்தால் இது நடவாது.

விளக்கு நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும். பகல் வெளிச்சம் போன்ற வெண்மையான விளக்கே பாசிக்கு ஏற்றது. பகலில் பாசி உயிர்வாயுவை வெளியிடும். இரவில் அதுவும் நம்மைப் போல உயிர்வாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் பம்பை இரவில் நிறுத்தவே கூடாது. மருந்து போடும்போதும் கவனம் தேவை. செம்பு கலந்த மீன் மருந்து பாசியைக் கொன்றுவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வெட்டிக் கழிப்பது. செம்பனைக்கு முறை வைத்து மட்டை வெட்டுகிறோம் அல்லவா? அதுபோலவே வாரம் ஒருமுறை, வளர்ந்ததில் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட வேண்டும்.

இதைச் செய்யாமல் விட்டவர்கள் நாங்கள். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ஓர் உயரமான தொட்டி வைத்து, பண்ணையில் பிறந்த கடற்குதிரைச் சோடி ஒன்றை வாங்கி விட்டோம். பிடிகொம்புக்காக இறகுக் கோலர்ப்பாவை வைத்தோம். அது இரண்டு மாதத்தில் காடாக மண்டியது. வந்தவர்கள் எல்லாம் பார்த்துப் பாராட்டினார்கள். அழகு கெடுமே என்று நாங்கள் கத்தரிக்கோலை எடுக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து, “சார், செடி நுனியெல்லாம் வெளுத்துப் போச்சு. உள்ளே வலை மாதிரி கோடு தெரியுது” என்றாள். பள்ளி முடியும் நேரம். “திங்கட்கிழமை பார்க்கலாம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தபோது, தொட்டி நீர் கழுநீர் போல் கலங்கியிருந்தது. கோலர்ப்பா கண்ணாடித் தாள் போல் நிறமற்றுத் துவண்டு கிடந்தது. பெண் கடற்குதிரை நீரின் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. ஆண் கடற்குதிரை மணலில் கிடந்தது. கடற்குதிரைகளில் கருவைச் சுமப்பது ஆண்தான் என்பதை அறிவீர்கள். அதன் வயிற்றுப் பை நிறைந்திருந்தது.

நடந்தது இதுதான். கோலர்ப்பா சத்துக் குறைந்தோ, வெளிச்சம் மாறியோ, அளவுக்கு மீறி மண்டியோ நெருக்கடிக்கு உள்ளாகும்போது, தன் உடலில் உள்ள அனைத்தையும் இனப்பெருக்க அணுக்களாக மாற்றி நீரில் கொட்டிவிட்டு மடிந்துவிடும். ஒரே உயிரணு என்றோமே, அதனால் ஒரு பகுதி மட்டும் மடிவது என்பது இல்லை. முழுக் கொடியும் ஒரே வீச்சில் காலியாகும். அதுவரை அது உண்டு சேர்த்திருந்த கழிவு முழுவதும் நீருக்குத் திரும்பும். நீரில் உயிர்வாயு குறைந்துபோகும்.

அன்று நாங்கள் செய்ததைச் சொல்கிறோம், யாருக்காவது உதவும். செத்த பாசி முழுவதையும் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். பாதி நீரை மாற்றினோம். காற்றுப் பம்பைக் கூட்டி, வடிகட்டியில் கரியை வைத்தோம். பெண் பிழைத்தது. ஆனால், அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. அவள் சரியாகவே பார்த்திருந்தாள். நுனி வெளுப்பதும், உள்ளே வலைக்கோடு தெரிவதும்தான் எச்சரிக்கை. அந்த நேரத்திலேயே வெளுத்த கொடியை வெட்டி எடுத்து நீரை மாற்றியிருந்தால் ஆணும் பிழைத்திருக்கலாம். கேட்கத் தவறியவர்கள் நாங்கள்.

இப்போது எங்கள் தொட்டியில் கீட்டோமார்ஃபாவும் கிராசிலேரியாவும்தான் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. பாசியின் நிறம், நீரின் வெப்பம், உப்பின் அளவு ஆகிய மூன்றையும் நாள்தோறும் மாணவர்கள் எழுதுகிறார்கள். யார் எதைக் கண்டு சொன்னாலும் அன்றே பார்ப்பது என்று விதி வைத்திருக்கிறோம். விடுமுறையிலும் முறை வைத்து ஒருவர் வந்து பார்க்கிறார்.

வெட்டி எடுத்த பாசியை என்ன செய்வது? கால்வாயில் வீசாதீர்கள், கடலிலும் போடாதீர்கள். கோலர்ப்பாவில் டாக்சிஃபோலியா என்னும் இனம் 1984-இல் மொனாக்கோ கரையோரம் கடலில் காணப்பட்டது. மீன்காட்சிச் சாலையிலிருந்து தப்பியதாகக் கருதப்படும் அந்தப் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலின் அடித்தரையில் பெரும் பரப்பில் படர்ந்து, அங்கிருந்த கடற்புல்லை நெருக்கியது. 2000-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் தலைகாட்டியது. அதை ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2006 வரை ஆயிற்று. லாலாங் புல் புகுந்த நிலத்தைத் திருத்துவது எவ்வளவு பாடு என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? பாசியை நல்ல நீரில் அலசி, வெயிலில் சருகாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடலில் பிடித்த கடற்குதிரையை வாங்காதீர்கள். அது உறைந்த தீனியை ஏற்காமல் பட்டினி கிடந்தே சாவது உண்டு. கடலிலும் அதன் இனம் குன்றி வருகிறது. 2004 முதல் நாடுகளுக்கு இடையிலான கடற்குதிரை வாணிபம் சைட்டிஸ் என்னும் அனைத்துலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு, கடையிலேயே உறைந்த இறால் தின்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

அதற்கும் முன்னால், கடற்குதிரை இல்லாமலே தொடங்குங்கள். ஒரு கண்ணாடிக் கலத்தில் உப்புநீர் ஊற்றி, ஒரு பிடி கீட்டோமார்ஃபாவைப் போட்டு, சிறு காற்றுப் பம்பும் விளக்கும் வைத்து மூன்று மாதம் வளர்த்துப் பாருங்கள். உப்பு அளக்கவும், வெப்பம் பார்க்கவும், வாரம் தவறாமல் வெட்டவும் கை பழகிவிடும். பாசி வாடினால் பெரிய இழப்பு இல்லை, பாடம் கிடைக்கும். பாசியை வாழவைக்கத் தெரிந்துகொண்ட பிறகே கடற்குதிரைக்கு இடம் கொடுங்கள்.

கொம்பு நட்ட பிறகுதானே விதை ஊன்றுகிறோம்!